தாய்ப்பாலும் டப்பாப் பாலும்

ஸ்ரீரங்கத்திலோ திருச்சிப் பெரியகடை வீதியிலோ மருந்துக் கடையில் பால்மாவு டப்பாவைக் கவனித்ததுண்டா? அதில் குழந்தையின் படம் இருக்கக்கூடாது என்பது சட்டம். ஏன்?

முன்பு அயல்நாட்டு நிறுவனங்கள் ஏழை நாடுகளின் பிரசவ ஆஸ்பத்திரிகளில் இலவச டப்பாக்களை வழங்கின. புட்டிப்பால் பழகினால் தாய்க்குப் பால் சுரப்பது குறையும். பிறகு விலைக்கு வாங்கியே தீரவேண்டும். கூலிக்காரத் தாய் என்ன செய்வாள்? மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவாள். நீரும் புட்டியும் அசுத்தமானால் வயிற்றுப்போக்கு. பிள்ளை மெலிந்து மடியும்.

அமெரிக்காவில் 1976-இல் இத்தகைய நிறுவனம் ஒன்றின்மீது வழக்குத் தொடுத்தவர்கள் திரு இரத்த சபைக் கன்னியர்களே! 1981 மே மாதம் ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவை விற்பனை நெறிமுறையை ஏற்றது. ஆதரவு 118, எதிர்த்தது அமெரிக்கா மட்டும். நம் நாடு 1992-இல் சட்டமே இயற்றி, விளம்பரத்தையும் இலவச மாதிரிகளையும் தடுத்தது. 2003-இல் அதை மேலும் இறுக்கியது.

டாக்டர் சொன்னால் டப்பாப் பால் கொடுக்கலாம். அதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆசை காட்டி விற்பதையே தடுக்கிறது.

தோழியரே, நம் அக்காவுக்கோ அண்ணிக்கோ குழந்தை பிறக்கும்போது இதை எடுத்துச் சொல்வோம். படித்த பெண்ணின் கடமை அதுவன்றோ!