நாலு பேய்கள்... நாலு குணங்கள்!

(இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல் துறை)

பேய் என்றால் பயப்பட வேண்டும். ஆனால் 1980-ல் ஜப்பானில் பிறந்த நான்கு பேய்களை உலகம் இன்றும் கொஞ்சிக்கொண்டிருக்கிறது. 'பேக்-மேன்' வீடியோ கேமில் வரும் பேய்கள்தான் அவை. எத்தனையோ கேம்களின் ஜந்துக்கள் மறந்துபோக, இவை மட்டும் நிலைத்தது எப்படி?

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் நிற பேக்-மேன் சந்து சந்தாக ஓடிப் புள்ளிகளைத் தின்ன வேண்டும். பேய்கள் துரத்தும். தொட்டால் அவுட்! நாம்கோ நிறுவனத்துக்காக இதை வடிவமைத்தவர் தோரு இவாதானி.

பேய்களின் உருவத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. உருண்டைத் தலை, பாவாடை மாதிரி நெளிந்த அடிப்பக்கம், இரண்டு பெரிய கண். கிராஃப் தாளில் 16-க்கு 16 கட்டத்துக்குள் வரைந்துவிடலாம். நான்கும் ஒரே அச்சு. நிறம் மட்டும்தான் வேறு. அப்புறம் எதில் இருக்கிறது விஷயம்? குணத்தில்!

சிவப்பு (பிளிங்கி): பேக்-மேன் நிற்கும் கட்டத்தையே குறிவைத்து விடாமல் துரத்தும்.

ரோஸ் (பிங்கி): பேக்-மேன் போகும் திசையில் நாலு கட்டம் முன்னால் குறிவைக்கும். வழிமறிக்கிற ஆசாமி.

ஆகாய நீலம் (இங்கி): பேக்-மேனுக்கு இரண்டு கட்டம் முன்னால் ஓர் இடம். சிவப்புப் பேயிலிருந்து அந்த இடத்துக்கு ஒரு கோடு போட்டு, அதை இரண்டு மடங்காக நீட்டினால் எங்கே முடியுமோ, அதுதான் இதன் குறி. சிவப்பைப் பார்க்காமல் இதைக் கணிக்கவே முடியாது.

ஆரஞ்சு (கிளைட்): எட்டுக் கட்டத்துக்கு அப்பால் இருந்தால் வீரமாக வரும். கிட்டே வந்ததும் கீழே இடது மூலைக்கு ஒரே ஓட்டம்!

இத்தனையையும் நடத்தியது இஸட்-80 என்ற சில்லு. நாம் லேபில் அசெம்பிளி எழுதிப் பழகும் 8085 போல அதுவும் 8 பிட்தான். துரத்தும்போது எந்தப் பேயும் குருட்டாம்போக்கில் போவதில்லை. அதனால்தான் ஆடுகிறவர் அதன் குணத்தைப் பழகிக்கொள்ள முடிகிறது. விதி எதுவும் தெரியாத என் தம்பி, செல்போனில் இரண்டு நாள் ஆடிவிட்டு ஆரஞ்சுக்கு 'பயந்தாங்கொள்ளி' என்று பேர் வைத்துவிட்டான். பேர் வைத்துவிட்டால் அது நம்ம ஆள் ஆகிவிடுகிறது, இல்லையா?

பரிதாபமும் உண்டு. பெரிய புள்ளியை பேக்-மேன் தின்றதும் பேய்கள் கருநீலமாகிப் பயந்து ஓடும். அப்போது அகப்பட்டால், வெறும் இரண்டு கண் மட்டும் வீட்டுக்கு ஓடும். பாவம்!

பேய்கள் நான்கையும் சிவப்பாக்கச் சொல்லி நிறுவனத் தலைவரே கேட்டாராம். இவாதானி மறுத்துவிட்டார். அன்று அவர் தலையாட்டியிருந்தால் யார் எவர் என்றே தெரிந்திருக்காது. குணம் இருந்தும் வீண்.

2012-ல் வந்த 'ரெக்-இட் ரால்ஃப்' படத்தில் கேம் வில்லன்கள் கூடி மனம்விட்டுப் பேசும் கூட்டத்தை நடத்துவது யார் தெரியுமா? நம்ம ஆரஞ்சு கிளைட்! அதே ஆண்டு நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகமும் இந்த கேமைத் தன் சேகரிப்பில் சேர்த்தது.

நல்ல கம்ப்யூட்டர் இல்லை, படம் வரையத் தெரியாது என்று கேம் புராஜெக்டைத் தள்ளிப்போடும் நண்பர்களே! ஒரு கட்டம், ஒரு நிறம், அதற்கென்று ஒரு குணம். அங்கிருந்து ஆரம்பியுங்கள். மற்றதெல்லாம் தானாக வரும்.