ஏறக் காட்டுப்பாதை, இறங்கத் தார்ச்சாலை

ஈப்போவுக்கு மேற்கே, மெங்லெம்பு பட்டணத்துக்குப் பின்னால், உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்களோடு நிற்பது கிளேடாங் மலை. உயரம் 808 மீட்டர். எதிரே கிழக்கில் கொர்பு மலை 2,183 மீட்டருக்கு நிமிர்ந்து நிற்பதால், கிளேடாங்கை மலைக்கணக்கில் சேர்க்கவே சிலருக்குக் கூச்சம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடியலில் அடிவாரத்துக்கு வந்து பாருங்கள். சீனப் பெரியவர்கள், மலாய் இளைஞர்கள், புந்தோங்கிலிருந்து மோட்டாரில் வந்திறங்கும் நம்மவர்கள் என்று பாதி ஊர் அங்கேதான் நிற்கும்.

நானும் புந்தோங்காரிதான். பிறந்தது செம்மோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். அம்மா பால்மரம் வெட்டினார். நான் படித்து இயன்மருத்துவரானேன். பிசியோ என்றால்தான் பலருக்குப் புரியும். முட்டிவலிக்காரர்களோடேயே காலம் கழிந்து, இப்போது ஓய்வு. மலை ஏறத் தொடங்கிய புதிதில் அம்மா கேட்டார்: “சம்பளமா கொடுக்கிறான்? சும்மா எதுக்குடி மேட்டுல ஏறி இறங்குறே?” வேலைக்காகத் தினமும் மேடேறியவருக்கு, மனமுவந்து ஒருத்தி மேடேறுவது விளங்கவே இல்லை. ஆனால் எப்படி இறங்குவது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

கிளேடாங்கில் உச்சிக்குப் போக இரண்டு விதமான வழிகள் உண்டு. ஒன்று, கோபுரங்களுக்காகப் போட்ட தார்ச்சாலை. வளைந்து வளைந்து போகும். வழி தவற வாய்ப்பே இல்லை. மற்றது, காட்டுக்குள் நுழையும் ஒற்றையடிப் பாதைகள். வேர், பாறை, செங்குத்து, ஆங்காங்கே பிடித்து ஏறக் கயிறு. இரண்டையும் சேர்த்தால் ஒரு சுற்று ஆகிவிடும். எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதில்தான் புதியவர்கள் கோட்டை விடுகிறார்கள். “முதல்ல சுலபமான ரோட்டுல ஏறிடுவோம், அப்புறம் காட்டு வழியா இறங்கிக்கலாம்” என்பார்கள். நான் வேண்டாம் என்பேன். ஏறக் காட்டுப்பாதை, இறங்கத் தார்ச்சாலை. இதற்கு மலையிலும் காரணம் இருக்கிறது, முட்டியிலும் காரணம் இருக்கிறது.

மலையை முதலில் பார்ப்போம். ஈப்போ இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கின் இரண்டு பக்கச் சுவர்களும் கருங்கல்: கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், மேற்கே கிளேடாங் தொடர். நடுவில் அங்கங்கே நட்டுவைத்தது போல நிற்கும் வெள்ளைக் குன்றுகள் சுண்ணாம்புக்கல். வயதில் மூத்தது சுண்ணாம்புக்கல்தான். அது பழங்காலக் கடலடியில் படிந்தது. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியிலிருந்து உருகிய பாறைக்குழம்பு மேலெழும்பி, உள்ளேயே ஆறி இறுகியது. அதுதான் இந்தக் கருங்கல். மேலே மூடியிருந்த மண்ணும் பாறையும் காலப்போக்கில் கரைந்துபோக, அது வெளியே வந்தது.

இரண்டு கல்லும் தேயும் விதம் வேறு. சுண்ணாம்புக்கல் மழைநீரில் கரைந்து குகையாகும், செங்குத்துச் சுவராகும், சில சமயம் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். நம் கல்லுமலை முருகன் கோயில் இருக்கும் குனோங் சீரோவில் 1973 அக்டோபரில் பாறை சரிந்து சுமார் 40 பேர் மாண்டதை ஈப்போ மறக்கவில்லை. கருங்கல் அப்படிக் கரையாது. வெயிலும் ஈரமும் பட்டு மணி மணியாக உதிரும். உதிராத நடுப்பகுதி உருண்டைப் பாறையாகக் காட்டில் கிடக்கும். உதிர்ந்த கரடு மணல் பாதையெங்கும் பரவியிருக்கும். ஏறும்போது அந்த மணல் ஒன்றும் செய்யாது. உடம்பின் பாரம் முன்பக்கம் இருக்கிறது, கை எதையாவது பிடித்திருக்கிறது. இறங்கும்போது அதே மணல் காலுக்கடியில் உருளும். மழை பெய்து வேரும் நனைந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இனி முட்டி. ஏறுவதற்கு மூச்சு வேண்டும். இறங்குவதற்குத் தொடை வேண்டும். மேடேறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கி, உடம்பு விழாமல் பிடித்துக்கொள்கிறது. இப்படி நீளும்போது உழைக்கும் தசைதான் அதிகம் அடிபடுகிறது. வலி அன்றைக்கே தெரியாது. மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் ஏறும். பிடிப்பில்லாத காட்டுச் சரிவில் ஒவ்வோர் அடியிலும் தசை திடுக்கிட்டு இறுகும். தார்ச்சாலை கெட்டியாக இருந்தாலும் சரிவு சீரானது. அடியைச் சிறிதாக்கி, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, வேகத்தைக் குறைத்து இறங்க இடம் கொடுக்கும்.

சாலையிலும் செங்குத்தான வளைவுகள் உண்டு. அங்கே நான் செய்வது அம்மா செய்ததைத்தான். அவர் பால்மரம் வெட்டிய நிரை மேட்டுக்காட்டில் இருந்தது. தோளில் காண்டாக் கம்பு, அதன் இரு முனையிலும் பால் நிரம்பிய வாளியோடு சறுக்கலில் இறங்கி வருவார். பாதத்தை நேராக வைக்க மாட்டார்; சரிவுக்குக் குறுக்கே திருப்பி வைப்பார். முழுப் பாதமும் மண்ணில் பதிந்த பிறகுதான் அடுத்த கால் எழும். இடுப்பு ஆடாது, வாளியில் பால் தளும்பாது. சிந்தினால் கூலி போச்சே! “நேரா மிதிச்சா சறுக்கும், குறுக்கே மிதி” என்பது அவர் வாக்கு. நோயாளிகளுக்குப் படிக்கட்டில் இறங்கச் சொல்லித்தரும்போது நான் பாடப்புத்தகத்தை விட அதிகம் நினைத்துக்கொண்டது அந்த நடையைத்தான்.

காலணியும் தோட்டத்திலிருந்து வந்ததுதான். கம்போங் அடிடாஸ் என்று இங்கே செல்லமாக அழைக்கப்படும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, மரம் வெட்டுபவர்கள் அணிந்தது. அடியில் முண்டு முண்டாகப் பிடிப்பு, கழுவினால் உடனே காயும், விலை சொற்பம். இன்று மலேசிய மலையேறிகள் பலர் விலை உயர்ந்த காலணியை வீட்டில் வைத்துவிட்டு இதைத்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: இதில் மெத்தை கிடையாது. தார்ச்சாலையில் இறங்கும்போது குதிகால் வலிக்கும். தடித்த காலுறையும் உள்ளே ஒரு மெத்தை அட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகு காட்டில் அட்டைப்பூச்சி ஏறும். கடித்த இடத்தில் ரத்தம் சீக்கிரம் நிற்காது, ரத்தம் உறையாமலிருக்க அது ஒரு திரவத்தை விட்டுச் செல்வதால். பதற வேண்டாம், கழுவி அழுத்திப் பிடித்தால் போதும்.

எவ்வளவு நேரம் ஆகும் என்பார்கள். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். ஏறுவழி நான்கு கிலோமீட்டர், ஏற்றம் 700 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஓய்வில்லாமல் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஆனால் அது குளிர்நாட்டுக் கணக்கு. நம் காட்டில் வியர்வை ஆறாமல் உடம்பிலேயே தங்கும். முதல் முறை போகிறவர்கள் அதில் பாதியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், கொஞ்சம் உப்புள்ள தீனி. புந்தோங்கில் எட்டயபுரத்திலிருந்து வந்த குடும்பங்கள் உருவாக்கிய கச்சான் பூத்தே கிராமம் இருக்கும்போது தீனிக்கு என்ன பஞ்சம்?

எப்போது கிளம்புவது? 1982 தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவிட்டதால், இங்கே ஏழு மணி சுமாருக்குத்தான் விடியும். வழி தெரியாதவர்கள் வெளிச்சம் வந்த பிறகே காட்டுப்பாதையில் கால் வையுங்கள். பாதை பல இடங்களில் கிளை பிரியும். தெரிந்தவரோடு போவது நல்லது. பிற்பகலில் இடிமழை வழக்கம். உச்சியிலும் பாறை மேலும் அந்த நேரத்தில் நிற்கக்கூடாது. நண்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும். இது கிளேடாங் சாயோங் நிரந்தரக் காப்புக்காட்டின் பகுதி. அனுமதி வேண்டுமா என்று வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஏதாவது ஆனால் 999.

உச்சிப்பக்கம் அடிவாரத்தைவிட நான்கு பாகை போலக் குளிராக இருக்கும். கோபுரங்களுக்கு வேலி போட்டிருக்கிறார்கள். மரங்கள் விலகும் இடத்தில் நின்று கிழக்கே பாருங்கள். கீழே பளபளப்பது பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள். கருங்கல்லோடு வந்த வெள்ளீயம் அரிக்கப்பட்டுப் பள்ளத்தாக்கில் படிந்தது. அதைத் தோண்டித்தான் ஈப்போ பணக்கார ஊரானது. 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தபோது தோண்டுவது பெரும்பாலும் நின்றது. ஈயம் பள்ளத்தாக்கின் தரையில், ரப்பர் அதை ஒட்டிய மேட்டுநிலத்தில். வடக்கே செம்மோர், சுங்கை சிப்புட் பக்கம் அன்று பால்மரக்காடாக இருந்த இடங்களில் பல இன்று செம்பனை, மீதி வீடமைப்பு. நம் தாத்தா பாட்டியை ஏன் இங்கே கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட, இந்த நிலத்தை மேலிருந்து பார்த்தபோதுதான் எனக்குத் தெளிவாக விளங்கியது.

பிறகு தார்ச்சாலை. பேசிக்கொண்டே இறங்கலாம், ஆனால் ஓட வேண்டாம். இளைஞர்கள் ஓடுவார்கள், அவர்களைப் பார்த்து நீங்கள் ஓடாதீர்கள். மெங்லெம்புவில் பசியாறிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் சோதனை ஒன்று பாக்கி இருக்கிறது. மறுநாள் காலை மாடிப்படியில் இறங்கிப் பாருங்கள். கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்க முடிந்தால் சுற்றைச் சரியான பக்கமாகப் போயிருக்கிறீர்கள். பின்பக்கமாகத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்க வேண்டியிருந்தால், காட்டு வழியாக இறங்கியதை நீங்கள் யாரிடமும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை, பார்த்தாலே தெரிந்துவிடும்.