சின்னப் படகு, பெரிய அலை: வேக்போர்டிங் அலையைப் பெருப்பிப்பது எப்படி? அதன் விலை என்ன?

பெந்தோட்டை ஆற்றில் வேக்போர்டிங் நடக்கும்போது கரையில் நிற்பவர்கள் பலகையில் வருபவரைத்தான் பார்ப்பார்கள். நான் பார்க்கச் சொல்வது படகின் பின்னால் ‘வி’ வடிவில் விரியும் அலையை. அதைத்தான் ஆங்கிலத்தில் வேக் என்கிறார்கள். கயிற்றைப் பிடித்து வருபவர் அந்த அலையின் சரிவில் ஏறித்தான் மேலே பாய்கிறார்.

இந்த விளையாட்டுக்கென்றே கட்டப்படும் படகுகளுக்குள் நீர்த்தாங்கிகள் உண்டு. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறிய படகில் அந்த வசதி இல்லை. ஆனாலும் அதன் அலையைப் பெருப்பிக்க வழிகள் இருக்கின்றன.

எடையும் அதன் இடமும்

மிதக்கும் படகு தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகிறது. வேகமெடுத்ததும் படகு மேலெழுந்து நீரின் மேல் வழுக்கத் தொடங்கும். அப்போது விலகும் நீர் குறைகிறது, அலையும் சிறுக்கிறது. மீன்பிடிக்கும் பயணத்துக்கும் இது நல்லது. வேக்போர்டிங்குக்கோ படகு கொஞ்சம் அமிழ வேண்டும். அதற்காகத்தான் நீர் நிரப்பிய பைகளைப் படகில் வைக்கிறார்கள். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம் என்பதால் கணக்கும் இலகு: 200 லீற்றர் பை என்றால் 200 கிலோ.

எடையை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். பின்பகுதியில் வைத்தால் அலை உயர்ந்து செங்குத்தாகும். கொஞ்சத்தை அணியத்துக்கு மாற்றினால் சரிவு நீண்டு சீராகும். இடமும் வலமும் சமமாக இல்லாவிட்டால் ஒரு பக்க அலை நுரைத்து உடையும். படகில் இருப்பவர்களின் எடையும் இதில் சேர்த்திதான். ஒருவர் இருக்கை மாறினாலே அலை மாறும்.

செலவில்லாத வழிகள்

எடை ஏற்றுவதற்கு முன் மூன்று விடயங்களைச் சரிபார்க்கலாம். முதலாவது வேகம். அனுபவமுள்ளவர்கள் பொதுவாக மணிக்கு 30 முதல் 37 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறார்கள். மெதுவாகப் போனால் அலை உயர்ந்தாலும் உச்சியில் நுரைக்கும். வேகம் கூடினால் அலை தணிந்து உறுதியாகும். இரண்டாவது கயிறு. படகுக்கு அருகில் அலைகளின் இடைவெளி குறுகலாக இருக்கும், தூரம் போகப்போக விரியும். புதியவருக்கு 15 முதல் 18 மீற்றர் போதும், தேர்ந்தவர் 20 மீற்றருக்கு மேல் விடுவார். மூன்றாவது இயந்திரத்தின் சாய்வு. அதைச் சற்று வெளிப்புறமாகச் சாய்த்தால் அணியம் உயர்ந்து பின்பகுதி தாழும், அலையும் வளரும்.

ஆபத்து எங்கே?

ஒரு படகு தாங்கக்கூடிய சுமைக்கு எல்லை உண்டு. ஆட்கள், எரிபொருள், இயந்திரம் எல்லாவற்றோடும் பையிலுள்ள நீரும் அந்த எல்லைக்குள் அடங்க வேண்டும். மூன்று பேரை ஏற்றிய பிறகு 200 கிலோ பை ஒன்றையும் வைப்பது, இன்னும் மூன்று பேரை ஏற்றுவது போன்றதுதான். பாதி நிரம்பிய பை அதைவிட மோசம். படகு திரும்பும்போது நீர் ஒரு பக்கம் ஓடி, சாய்வை மேலும் சாய்க்கும். பையை முழுதாக நிரப்பி, காற்றை வெளியேற்றி, நகராமல் கட்ட வேண்டும்.

வெளியிணைப்பு இயந்திரம் பூட்டும் பின்பலகை தாழ்வானது. பின்னால் பாரம் ஏற்றிய படகைச் சட்டென நிறுத்தினால், அது எழுப்பிய அலையே துரத்தி வந்து பின்பலகையைத் தாண்டி உள்ளே விழலாம். வேகத்தைப் படிப்படியாகக் குறைப்பதே பாதுகாப்பு. மீன்பிடிப் படகுகளில் வழக்கமான 15 அல்லது 25 குதிரைவலு இயந்திரம், இந்தப் பாரத்தோடு ஒருவரையும் நீரிலிருந்து இழுத்தெழுப்பத் திணறும் என்பதையும் மறக்கக்கூடாது.

கரைக்குப் போகும் அலை

அலையின் சக்தி அதன் உயரத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுகிறது. அலை இருமடங்கு உயர்ந்தால் கரையில் மோதும் சக்தி நான்கு மடங்கு. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்று 2022இல் வெளியிட்ட அறிக்கை, வேக்சேர்பிங் படகுகள் கரையிலிருந்து 500 அடிக்கு அப்பால் ஓட வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அவை வேக்போர்டிங் படகுகளைவிடப் பெரிய அலை எழுப்புபவை என்பது உண்மை. ஆனால் ஒடுங்கிய ஆற்றில் ஓடும் நமது படகோட்டிகளுக்கும் அந்த இலக்கம் ஒரு கேள்வியை எழுப்புகிறது: உங்களிடம் எத்தனை அடி இருக்கிறது?

பெந்தோட்டை ஆற்றின் ஓரங்களில் கண்டல் மரங்கள் நிற்கின்றன. அவற்றின் வேர்கள் பிடித்துவைத்திருக்கும் சேற்றை ஒவ்வோர் அலையும் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். துடுப்பு வலித்து மீன்பிடிப்பவரின் சிறு ஓடத்துக்கு அதே அலை நேரடி ஆபத்து. விளையாடக் காசு கொடுத்தவர் அவர் அல்லர்.

இந்த விளையாட்டை நிறுத்தச் சொல்வது என் நோக்கமல்ல. அதை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. வேகம், கயிறு, சாய்வு ஆகியவற்றைச் சரிசெய்தாலே புதிதாகப் பழகும் ஒருவருக்குப் போதுமான அலை கிடைத்துவிடும். எடை ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால், அகன்ற, ஆழமான பகுதியின் நடுவே ஓடுங்கள். ஒரே கரையோரமாகத் திரும்பத் திரும்பச் சுற்றாதீர்கள். எதிரே ஓடம் தெரிந்தால் தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள்.