கல்சியமும் ஹிஸ்டமினும்: கலத்தின் வாசலில் நடப்பது

சென்ற தவணை எங்கள் பாடசாலையில் ஒன்பதாந் தரத்துப் பிள்ளை ஒருத்தி இடைவேளையில் இறால் வடை தின்றாள். கால்மணி நேரத்துக்குள் கையும் கழுத்தும் தடித்துச் சிவந்துவிட்டன. சொறிந்து சொறிந்து அழுதாள். வைத்தியரிடம் காட்டிச் சுகமானபின், மறுவாரம் அவளுடைய உம்மா என்னைத் தேடி வந்தார்.

"மூத்தவள் ஏலெவல் பயோ படிக்கிறாள் சேர். கல்சியம் கூடினாத்தான் இந்த ஹிஸ்டமின் வெளிய வருமாம். அதனால சின்னவளுக்குப் பால் குடுக்கிறத நிப்பாட்டிட்டன். சரிதானே?"

எனக்குத் தமிழ்தான் பாடம். ஆனாலும் வளர்கிற பிள்ளையின் பாலை நிறுத்தியது மனத்தை உறுத்தியது. விஞ்ஞான ஆசிரியர்களிடம் கேட்டும் நூல்களைப் பார்த்தும் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். மூத்தவள் சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதியில்தான் பிழை.

தோலின் கீழும் சுவாசப்பாதை, குடல் ஆகியவற்றின் சுவர்களிலும் மாஸ்ட் கலங்கள் உள்ளன. ஜேர்மனியரான போல் ஏர்லிச் 1878இல் தமது பட்ட ஆய்வில் இவற்றை விவரித்தார். உள்ளே மணிமணியாக நிறைந்திருந்ததைக் கண்டு, தீனி தின்று கொழுத்த கலங்கள் என்றெண்ணி, அந்தப் பொருள்படும் ஜேர்மன் சொல்லால் பெயரிட்டார். உண்மையில் அது தீனியல்ல. அந்தச் சிறுமணிகளுக்குள்தான் ஹிஸ்டமின் அடைபட்டிருக்கிறது.

ஒவ்வாமை உள்ளவரின் உடல், இறாலின் புரதத்தைப் பகையென்று கருதி 'ஐஜீஈ' என்ற பிறபொருளெதிரியை முன்கூட்டியே ஆக்கிவைத்திருக்கும். அது மாஸ்ட் கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கிகளில் குந்திக்கொண்டிருக்கும். பிறகு இறால் உடலுக்குள் போனதும் அதன் புரதம் பக்கத்திலுள்ள ஐஜீஈக்களை ஒன்றோடொன்று பிணைக்கும். கலத்தின் கதவில் விழும் முதல் தட்டு இதுதான்.

இனிக் கல்சியத்துக்கு வருவோம். ஓய்விலிருக்கும் கலத்துக்குள் உலவும் கல்சிய அயன்கள் மிகச் சொற்பம். வெளித் திரவத்திலோ அதைப்போல் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு. கலம் சக்தியைச் செலவழித்துக் கல்சியத்தை வெளியே தள்ளியும், அகமுதலுருச் சிறுவலை என்ற உட்களஞ்சியத்தில் அடைத்தும் இந்த வித்தியாசத்தைக் காக்கிறது.

முதல் தட்டு விழுந்ததும் ஐபீ3 என்ற சிறிய மூலக்கூறு உண்டாகிக் களஞ்சியத்தைத் திறக்கும். கொஞ்சம் கல்சியம் சிந்தும். அது போதாது. களஞ்சியம் வெறுமையாவதை அதன் சுவரிலுள்ள ஸ்டிம்1 என்ற புரதம் உணர்ந்து, கலமென்சவ்வை நெருங்கி, அங்கிருக்கும் ஒராய்1 என்ற கால்வாயைத் திறந்துவிடும். வெளியிலிருந்து கல்சியம் உள்ளே பாயும். உடனே சிறுமணிகள் கலமென்சவ்வோடு ஒட்டி, வாய் திறந்து, ஹிஸ்டமினைக் கொட்டும். ஒராய் என்பது கிரேக்கப் புராணத்தில் வானுலக வாயிலைக் காப்போரின் பெயர். பொருத்தமான பெயர்தான்.

இது வெறும் ஊகமல்ல. 1958இல் லண்டனில் மொங்கர், ஷில்ட் இருவரும் கினிப்பன்றியின் நுரையீரலைக் கொண்டு, ஒவ்வாமையில் ஹிஸ்டமின் வெளிவரக் கல்சியம் தேவை என்று காட்டினர். 1973இல் மாஸ்ட் கலத்துக்குள் நுண்ணூசியால் கல்சியத்தை ஏற்றியபோது, ஒவ்வாமைப் பொருள் இல்லாமலே சிறுமணிகள் வெளியேறின. 1992இல் ஹோத், பென்னர் ஆகியோர், களஞ்சியம் வெறுமையாவதே வெளிவாசலைத் திறக்கிறது என்பதை மின்னோட்டத்தை அளந்து நிறுவினர்.

ஆகவே கல்சியம் கூட வேண்டியது கலத்துக்குள்ளே. அதுவும் வாசல் திறந்த அந்தச் சில நிமிடங்களில். நாம் குடிக்கும் பால் அந்த வாசலைத் திறப்பதில்லை. குருதியிலுள்ள கல்சியத்தைப் பராதைரொயிட் ஓமோன் குறுகிய எல்லைக்குள் வைத்திருக்கிறது. உணவில் கல்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்தாவது அது சரிக்கட்டும். நட்டம் பிள்ளையின் எலும்புக்குத்தான். பால் ஒவ்வாமை என்று ஒன்று உண்டு. அதுவும் பாலின் புரதத்தால் வருவது, கல்சியத்தால் அல்ல.

உம்மாவுக்கு நான் இப்படிச் சொன்னேன்: "குளத்தில் எப்பவும் தண்ணி நிக்குது. துருசைத் திறந்தாத்தான் வயலுக்குள்ள பாயும். குளத்தில ஒரு வாளி தண்ணி ஊத்தினதால வயல் நிறையாது."

இன்னொன்றையும் சொல்லிவைத்தேன். பிரிட்டோன் போன்ற குளிசைகள் இந்த வாசலை மூடுவதில்லை. வெளிவந்த ஹிஸ்டமின் போய் ஒட்டும் வாங்கியைத்தான் அவை மறிக்கின்றன. தோல் தடிப்புக்கும் சொறிவுக்கும் அவை உதவும். மூச்சு முட்டினால், தொண்டை வீங்கினால், மயக்கம் வந்தால் குளிசையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அப்போது முதல் மருந்து தொடைத் தசையில் போடும் அதிரீனலின் ஊசி. தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டோட வேண்டும்.

"அப்ப நிப்பாட்ட வேண்டியது இறாலத்தான், பாலையில்ல" என்றார் அவர்.

அன்றிரவே பிள்ளைக்குப் பால் கிடைத்ததாக அடுத்த நாள் அவளே வந்து சொன்னாள்.