புகையை வாசிப்பவர்கள்: கட்டிப்போட்ட படகுகளில் குளிர்காலம்

1

மெரினா என்றதும் சுண்டலும் மணலும் நினைவுக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய்களில் மெரினா என்பது படகுகளைக் கட்டிவைக்கிற குளம். கால்வாயை ஒட்டிய நிலத்தைத் தோண்டி, நீர் நிரப்பி, கால்வாய்க்கு ஒரு வாய் திறந்துவிட்டு, உள்ளே மிதவைப் பாலங்கள் போட்டிருப்பார்கள். பாலத்தின் இருபுறமும் தொழுவத்து மாடுகள் மாதிரி வரிசையாகப் படகுகள். இந்தப் படகுக்கு நாரோபோட் என்று பெயர், ஒடுங்கிய படகு. அகலம் 7 அடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. நீளம் 70 அடி வரை போகும்.

இந்த விநோதமான உடம்பு எப்படி வந்தது? 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஜேம்ஸ் பிரிண்ட்லியும் அவர் வழிவந்த பொறியாளர்களும் மத்திய இங்கிலாந்தில் கால்வாய் வெட்டினார்கள். மேட்டிலும் பள்ளத்திலும் படகை ஏற்றி இறக்க, கதவு வைத்த நீர்த்தொட்டிகள் வேண்டும். அவைதான் லாக்குகள். செலவையும் தண்ணீரையும் மிச்சம் பிடிக்க அவற்றை 7 அடி அகலத்தில் கட்டினார்கள். நிலக்கரியும் களிமண்ணும் ஏற்றிப்போகப் போட்ட அந்தக் கணக்குதான் இன்றைக்கு ஒரு குடும்பத்தின் கூடம், அடுப்படி, படுக்கை எல்லாவற்றுக்கும் அகலத்தைத் தீர்மானிக்கிறது. மூலதனம் ஒருமுறை அளந்துபோட்டது. அதற்குள் மனிதர்கள் இன்னும் உடம்பைக் குறுக்கிக்கொண்டு வாழ்கிறார்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2000 மைல் நீர்வழிகளை 2012 முதல் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. அதற்கு முன்னால் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் என்ற பொதுத்துறை நிறுவனம். உரிமம் பெற்ற படகுகள் 30,000க்கும் மேல். அவற்றில் ஒரு பகுதியில் வருஷம் முழுக்க ஆட்கள் குடியிருக்கிறார்கள். வீட்டை விற்றுவிட்டு வந்த ஓய்வுபெற்றவர்கள் உண்டு, வீட்டு வாடகை கட்டி மாளாமல் வந்தவர்கள் உண்டு, தனிக்கட்டைகளும் உண்டு.

இவர்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கோடைகாலத்துப் பேச்சு: வில்லோ மரம், மெதுவாக நகரும் படகு, சுதந்திரம். குளிர்காலம் அதில் ஒரு அசௌகரியமாக, சகித்துக் கடக்க வேண்டியதாக மட்டும் வரும். விஷயம் நேர்மாறாக இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். நகரும்போது இவர்கள் தனித்தனிப் படகுக்காரர்கள். நின்றால்தான் ஊராகிறார்கள். அப்படி நிற்பதற்கு யாருக்கு உரிமை, என்ன விலை என்பதையும் குளிர்காலமே வெளியில் எடுத்துப் போடுகிறது.

2

நின்றால்தான் ஊர் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ரயில் வந்து கால்வாயோடு போட்டிபோட்டது. சரக்குக்கூலி விழுந்தது. கரையில் வீடு வைத்துக் காப்பாற்ற முடியாத படகோட்டிகள் பெண்டாட்டி பிள்ளைகளைப் படகில் ஏற்றிக்கொண்டார்கள். சம்பளமில்லாத வேலையாளும் ஆச்சு, வாடகையும் மிச்சம். படகின் பின்பக்கத்துச் சின்ன அறை ஒரு குடும்பத்தின் முழு வீடானது. 1877இலும் 1884இலும் கொண்டுவந்த கால்வாய்ப் படகுச் சட்டங்கள் அந்த அறையைப் பதிவுசெய்தன, சோதனை போட்டன, பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கவலைப்பட்டன. ஓடிக்கொண்டே இருக்கிற ஜனங்களை அரசு எப்படிக் கண்ணில் பிடித்து நிறுத்துவது என்ற பிரச்சினை அப்போதே தொடங்கிவிட்டது.

அவர்களுக்கு நடைக்குத்தான் கூலி. பனிக்கட்டி விழுந்து கால்வாய் உறைந்தால் வருமானம் நின்றது. கம்பெனிகள் பனி உடைக்கும் படகுகளை இறக்கும். கரையில் குதிரைகள் வரிசையாக இழுக்க, படகின் நடுவிலிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு ஆட்கள் இடமும் வலமும் சாய்ந்து ஆட்டிக்கொண்டே போவார்கள். அதுவும் முடியாதபோது எங்கே நின்றதோ அங்கேயே படகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. நார்த்தாம்ப்டன்ஷயரில் இரண்டு கால்வாய்கள் கூடுகிற பிரான்ஸ்டனில் 1923இல் வேலைநிறுத்தம் நடந்தது. மாதக்கணக்கில் நீடித்த அந்தப் போராட்டத்திலும் படகுகள் நின்றன. உறைபனி, வேலைநிறுத்தம் ஆகிய இரண்டுமே ஓட்டத்தை நிறுத்தின. பக்கத்துப் படகுக்காரரைப் பக்கத்து வீட்டுக்காரராக்கின. 1962-63 குளிர்காலத்தில் டிசம்பர் கடைசியில் உறைந்த கால்வாய்கள் மார்ச்சில்தான் இளகின. ஏற்கனவே நொடித்துப்போயிருந்த தொழில் அதற்குப் பிறகு எழவில்லை. அந்த 1963லேயே பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் தன் நாரோபோட் சரக்குப் போக்குவரத்தைப் பெரும்பாலும் மூட்டை கட்டியது.

இந்த வாழ்க்கைக்குக் கவர்ச்சியை உண்டாக்கிய பிரதி எல்.டி.சி. ரோல்ட் எழுதிய ‘நாரோ போட்’ (1944). பயணத்தைக் கொண்டாடும் புத்தகம் அது. வெளிவந்த சமயத்தில் ஆசிரியரின் ‘கிரெஸி’ என்ற படகு டார்டபிக் என்ற இடத்தில் கட்டிக் கிடந்தது; 1941இலிருந்து 1946 வரை அங்கேயேதான். புத்தகத்தைப் படித்துவிட்டு ராபர்ட் ஐக்மன் அவரைப் பார்க்க வந்ததும் அந்தக் கட்டிய படகுக்குத்தான். அந்தச் சந்திப்பிலிருந்து 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் பிறந்தது. கால்வாய்களைத் தூர்ந்துபோகாமல் காத்ததில் அச்சங்கத்துக்குப் பெரிய பங்குண்டு. நகர்வைப் பற்றிய புனைவு, நின்ற படகிலிருந்து கிளம்பியிருக்கிறது. ஃபூக்கோ 1967இல் பேசி 1984இல் அச்சான ஓர் உரையில், ‘வேறான வெளி’ என்பதற்குக் கப்பலையே தலைசிறந்த உதாரணமாகச் சொல்லி முடிப்பார். அது ஓடுகிற கப்பல். கட்டிப்போட்ட படகை அந்தக் கோட்பாடு கண்டுகொள்ளவில்லை.

3

சரி, குளிர்காலத்தில் அங்கே என்னதான் நடக்கிறது? நவம்பரில் லாக்குகளைப் பழுதுபார்க்க வழிகளை அடைப்பார்கள். மார்ச் வரை இங்கொன்றும் அங்கொன்றுமாக அடைப்பு இருக்கும். டிசம்பர் கடைசியில் நாலு மணிக்கு முன்னாலேயே பொழுது சாய்ந்துவிடும். பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. கோடைக்கு மட்டும் வருகிறவர்கள் குழாய்களில் தண்ணீரை வடித்து, படகைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். வரிசையில் முக்கால்வாசி இருட்டு. வெளிச்சம் தெரிகிற படகுகளில் இருப்பவர்கள்தான் குடியிருப்பவர்கள்.

வீடு என்ற அமைப்பு எதையெல்லாம் சுவருக்குள் மறைக்கிறதோ அதையெல்லாம் படகு வெளியே கொண்டுவந்து கையில் கொடுக்கிறது. வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர். எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. படகில் தொட்டி காலியானால் ஹோஸை இழுத்துக்கொண்டு குழாயடிக்குப் போக வேண்டும். நிரம்ப ஒரு மணி நேரம்கூட ஆகும். அவ்வளவு நேரம் நிற்கிற ஆள் பக்கத்தில் நிற்கிற ஆளோடு பேசாமல் என்ன செய்வார்? பனியில் குழாய் உறைந்துவிட்டால் வெந்நீர்க் கெட்டிலோடு ஒருவர் வருவார், இன்னொருவர் குழாயைச் சாக்கால் சுற்றுவார். கழிப்பறைக்கும் இதே கதைதான். பெட்டி போன்ற கழிவுக்கலத்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஊற்றுமிடத்துக்கு நடக்க வேண்டும். எல்சன் என்று அதற்குப் பேர். பட்டதாரி, பெயின்டர், ஓய்வுபெற்ற அதிகாரி என்று யாராக இருந்தாலும் தன் மலத்தைத் தானே சுமந்து அங்கே வர வேண்டும். வர்க்க பேதம் அங்கே அழிந்துவிடுகிறது என்று சொல்லவில்லை. ஒரு அஞ்சு நிமிஷத்துக்கு அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது கஷ்டம், அவ்வளவுதான்.

எரிவாயுவும் அப்படித்தான். பியூட்டேன் உறைநிலைக்குப் பக்கத்தில் ஆவியாகாமல் மக்கர் பண்ணும் என்பதால் புரோபேன் சிலிண்டர். அது தீர்ந்துபோவது எப்போதும் சமைக்கிற நேரத்தில்தான். கடன் கேட்க ஆள் வேண்டும். கரி, டீசல், சிலிண்டர் ஏற்றிக்கொண்டு கால்வாய் நெடுக வரும் எரிபொருள் படகு, சரக்கோடு சேதியையும் கொண்டுவரும்: எந்த லாக் அடைத்திருக்கிறது, யார் படகை விற்கிறார், யாருக்கு உடம்பு சரியில்லை. ஆட்களைக் குடும்பப் பேரால் யாரும் கேட்பதில்லை. இன்ன படகுக்காரர் என்றால் போதும்.

மேலே பனிக்கட்டி படிந்தபிறகு ஒரு எழுதாச் சட்டம் அமலுக்கு வருகிறது. படகை நகர்த்தாதே. நகர்த்தினால் உடைந்த பனித்தகடுகள் அடுத்த படகின் அடிப்பக்கத்தில் உராய்ந்து, இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய கருப்புப் பூச்சைச் சுரண்டிவிடும். எனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று கிளம்புகிறவர் ஊரையே சுரண்டிக்கொண்டு போகிறார். என் அசைவு உன் மேல் படுகிறது என்ற அறம் இங்கே உபதேசமாக இல்லை, சத்தமாகக் காதில் விழுகிறது.

4

உள்ளே போவதற்கும் இலக்கணம் உண்டு. அடுத்தவர் படகில் கேட்காமல் கால் வைக்கக் கூடாது. கரையில் நின்று கூரையிலோ பக்கத்திலோ தட்ட வேண்டும். மரியாதை மட்டுமில்லை காரணம். ஒரு கால் பட்டாலே படகு அசைகிறது. உள்ளே தூங்குகிறவர் உடம்பு முழுக்க அதை உணர்கிறது. வீட்டின் வாசற்படி கண்ணுக்கு எல்லை. படகின் விளிம்பு உடம்புக்கே எல்லை.

உள்ளே இடம் எப்படி? ஒருவர் நடக்க இன்னொருவர் ஒதுங்க வேண்டும். நாலு பேர் உட்கார்ந்தால் கூட்டம். ஒரு மூலையில் சின்ன இரும்புக் கரியடுப்பு. பக்கத்தில் நெருப்பு, அந்தக் கோடியில் குளிர். அதனால் எல்லாரும் ஒரே பக்கம் குவிகிறார்கள். ஜன்னலில் நீராவி படிந்து சொட்டும். ஆளாளுக்கு ஒரு சட்டி கொண்டுவந்து கிறிஸ்துமஸ் விருந்து, மசாலா போட்டுக் காய்ச்சிய திராட்சை மது, கரையோர மதுக்கடையில் வினாடி வினா. இந்தக் கொண்டாட்டங்களைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள், விட்டுவிடலாம்.

இதையெல்லாம் ‘தொலைந்துபோன கிராமம் திரும்பக் கிடைத்தது’ என்று உருகிப் படிப்பது தப்பான வாசிப்பு. இந்த மனிதர்கள் மற்றவர்களைவிட நல்லவர்கள் என்பதற்கு ஒரு ஆதாரமும் இல்லை. வம்பு உண்டு, கோஷ்டி உண்டு. இரவு எட்டு மணிக்குமேல் என்ஜின் ஓட்டக் கூடாது என்பதற்காக வருஷக்கணக்கில் பேசாமல் இருப்பவர்கள் உண்டு. சுவர் மெல்லிசு, சண்டை, இருமல் எல்லாம் பொதுச் சொத்து. குணம் மாறவில்லை, பௌதிக அமைப்பு மாறியிருக்கிறது. குழாய்களும் கம்பிகளும் நமக்காகச் செய்துவிடும் வேலையைக் கையால் செய்யும்போது, வேறொரு கையும் தேவைப்படுகிறது. அக்கம்பக்கம் என்பது அந்தத் தேவையின் இன்னொரு பெயர்.

5

இனிப் புகைக்கு வரலாம். புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது நம் அளவையியலின் பழைய பாடம். மணிமேகலை படித்தவர்களுக்கு அந்த மலையும் புகையும் பழக்கம். மெரினாவில் தினமும் காலையில் இந்த ஊகம் நடக்கிறது. பக்கத்துப் படகின் புகைபோக்கியில் புகை வந்தால் ஆள் எழுந்துவிட்டார். பத்து மணியாகியும் வரவில்லை என்றால் யாராவது போய்த் தட்டுவார்கள். உடம்பு சரியில்லையோ, கரி தீர்ந்துபோச்சோ, இரவில் பனிவழுக்கிய பாலத்தில் கால் தவறி விழுந்துவிட்டாரோ? அடுப்பின் கார்பன் மோனாக்ஸைடு மணமில்லாமல் கொல்லும். அதற்கான எச்சரிக்கைக் கருவி படகுப் பாதுகாப்பு விதிகளில் கட்டாயமானது 2019 ஏப்ரலில். கருவி வருவதற்கு முன்னாலும் பின்னாலும் தனியாக வாழும் கிழவருக்கு எச்சரிக்கை மணி அந்தப் பக்கத்துப் படகுக்காரரின் கண்தான்.

ஆனால் இதே புகையை வாசிக்க இன்னொருவரும் இருக்கிறார். மெரினாவின் இடங்கள் பெரும்பாலும் ‘பொழுதுபோக்கு’ இடங்கள். ஒப்பந்தப்படி அங்கே குடியிருக்கக் கூடாது. குடியிருக்கும் இடம் என்றால் உள்ளூராட்சியின் திட்ட அனுமதி வேண்டும், வரி வரும், அப்படிப்பட்ட இடங்கள் குறைவு. அதனால் பலர் ‘இல்லாமல்’ இருக்கிறார்கள். நிர்வாகத்துக்கும் தெரியும், தெரியாதமாதிரி நடந்துகொள்ளும். கோடையில் எல்லாப் படகிலும் ஆள் இருப்பதால் யார் குடித்தனம், யார் விருந்தாளி என்று சொல்ல முடியாது. ஜனவரியில் புகைபோக்கி காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்துவீட்டாருக்கு உயிரின் அடையாளம். அதிகாரத்துக்கு விதிமீறலின் சாட்சியம். குறி ஒன்று, வாசகர்கள் இரண்டு. உயிரோடு இருக்கிறேன் என்று சொல்வதும் மாட்டிக்கொள்வதும் ஒரே வாக்கியத்தில் நடக்கிறது.

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? நிரந்தர வாகன வீடுகளில் வாழ்வோருக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டம் தருகிற பாதுகாப்பு படகுக்குக் கிடையாது. படகுக்காரரிடம் இருப்பது பெரும்பாலும் ஒரு அனுமதிச்சீட்டு. அறிவிப்புக் கொடுத்து அதை முடித்துவிடலாம்.

மெரினாவுக்குப் பணம் கட்ட முடியாதவர்கள் நிலைமை? 1995ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம் இரண்டு வழி வைத்தது. ஒன்று, படகுக்கு நிரந்தரமான கட்டுமிடம் காட்டு. இல்லையென்றால் உண்மையாகவே பயணம் செய்துகொண்டிரு. ஓர் இடத்தில் தொடர்ந்து 14 நாளுக்குமேல், அல்லது சூழ்நிலைக்கு நியாயமான கூடுதல் காலத்துக்குமேல், நிற்காதே. கால்வாய் உறைந்தால் அது நியாயமான காரணம். இயற்கை தடுத்தால் நிற்கலாம்; சிநேகம் தடுத்தால் நிற்கக் கூடாது. பிள்ளையின் பள்ளிக்கூடம், வேலை, பக்கத்துப் படகின் கிழவர் எதுவும் கணக்கில் சுலபமாக வராது. நிற்க ஆசைப்படுகிறவருக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை குளிர்காலக் கட்டுமிடம் விலைக்குக் கிடைக்கும். 2024 ஏப்ரலிலிருந்து, கட்டுமிடம் இல்லாத படகுகளுக்கு உரிமக் கட்டணத்தில் கூடுதல் தொகை வேறு. 2022-23 குளிர்காலத்தில் அரசு ஒவ்வொரு வீட்டுக்கும் 400 பவுண்டு எரிசக்தி உதவி தந்தது. குடியிருப்புக் கட்டுமிடத்தில் இருந்த படகுகள் மாற்றுத் திட்டத்தில் விண்ணப்பிக்க முடிந்தது. நிலையான முகவரி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தவர்கள் அதற்கு வெளியே விடப்பட்டார்கள். குளிர் எல்லாருக்கும் ஒன்றுதான், முகவரி அப்படியில்லை.

நிற்பதால் உருவாகிற உறவைச் சட்டம் தனியாகப் பார்ப்பதில்லை. அதற்குத் தெரிந்தது இடம், நாள், கட்டணம். ஊர் என்பதை அது படகுத்துறையின் உபரியாக, காசு கட்டியவருக்குச் சும்மா கிடைக்கிற ஒன்றாக விட்டுவிடுகிறது. குளிர்காலத்தில் அந்த ஊரை உண்மையில் நடத்துகிறவர்கள் குழாயடியில் நிற்பவர்கள், சிலிண்டர் கடன் கொடுப்பவர்கள், பத்து மணிக்குப் புகையைத் தேடுகிறவர்கள். இந்த உழைப்புக்கு எந்த ரசீதிலும் இடமில்லை.

மார்ச்சில் லாக்குகள் திறக்கும். பூட்டிய படகுகளுக்குச் சொந்தக்காரர்கள் திரும்பி வந்து ஜன்னலைத் துடைப்பார்கள். அடுப்புகள் ஒவ்வொன்றாக அணையும், புகையை யாரும் பார்க்க மாட்டார்கள். குளிர்கால அனுமதி முடிந்தவர்கள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு பதினாலு நாள் கணக்கை மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள்.