மேபிளவர்க் கப்பலின் நான்கு சிறுவர்

1620ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா சென்ற 'மேபிளவர்' என்னும் கப்பலைப் பற்றி நேயர்கள் பலர் கேள்வியுற்றிருப்பர். அதிற் சென்ற 102 பயணிகளுள், பெற்றோர் துணையின்றி அனுப்பப்பட்ட உடன்பிறந்தார் நால்வரும் இருந்தனர். எலினோர், ஜாஸ்பர், றிச்சட், மேரி என்பன அவர்தம் பெயர்கள். மோர் என்பது குடும்பப் பெயர். முதற் குளிர்காலத்திலேயே மூவர் மாண்டனர். றிச்சட் ஒருவனே எஞ்சினான். அவன் வளர்ந்து கப்பற்றலைவனாகிச் சேலத்தில் முதுமையெய்தி இறந்தான். தமிழகத்துச் சேலமன்று, மசச்சூசெற்சிலுள்ள சேலம். அவனது கல்லறைக் கல் இன்றும் அங்கே நிற்கின்றது.

இச்சிறுவர் யார் பெற்ற மக்கள்? ஆதரவற்ற ஏழைப் பிள்ளைகள் என்றே நெடுங்காலம் பலரும் கருதிவந்தனர். குடியேற்றத்தின் ஆளுநராயிருந்த வில்லியம் பிராட்போட் எழுதிவைத்த குறிப்பும் ஆராய்வோரைச் சற்று மயக்கிற்று. புரூஸ்ரர் என்பாரின் வீட்டாருடன் றிச்சட்டும் அவன் சகோதரன் ஒருவனும் வந்தனர் என்கிறார் அவர். உண்மையில் உடன்வந்தவள் தங்கை மேரி. உடனிருந்து கண்டவர் எழுத்தும் பிழைபடுவதுண்டு!

முன்னோரைத் தேடுவோர் முதலில் நாடுவது தேவாலயப் பதிவேட்டையே. இங்கிலாந்தின் மேற்கே, ஷ்ரொப்ஷயரில், ஷிப்ரன் என்னும் சிற்றூர்த் தேவாலயப் பதிவேட்டில் நால்வரின் ஞானஸ்நானமும் 1612க்கும் 1616க்கும் இடையிற் பதியப்பட்டுள்ளது. தந்தை சாமுவேல் மோர், தாய் கதரின். இருவரும் நிலபுலம் மிக்க ஒரே குலத்தினர். அங்ஙனமாயின், நான்கு வயது மகவையும் கடல் கடத்துவானேன்? பதிவேடு பெயர் சொல்லும், நாள் சொல்லும், காரணம் சொல்லாது.

காரணம் 1959இல் வெளிப்பட்டது. வமிசாவளி அறிஞர் அந்தனி வாக்னரின் தூண்டுதலால், சாமுவேலின் வழித்தோன்றல் ஒருவர் தம் இல்லத்துப் பழந்தாள்களைத் துழாவினார். 1622ஆம் ஆண்டுப் பத்திரமொன்று அகப்பட்டது. பிள்ளைகளை ஏன் அனுப்பினீர் என்று கதரின் பிரதம நீதியரசரிடம் முறையிட, அதற்குச் சாமுவேல் அளித்த மறுமொழியே அது. பிள்ளைகள் தம் சாயலினர் அல்லர், யாக்கோபு பிளேக்வே என்பவனின் சாயலினர் என்கிறார் அவர். தாயிடமிருந்து பிரித்துக் குத்தகைக்காரர் வீட்டிற் சிறுவரை வைத்ததும், அவள் அங்கு பலமுறை சென்று போராடியதும், பின்னர் அவர்களைக் கப்பலேற்றியதும் அதிலே கூறப்பட்டுள்ளன. ஏழாண்டுகளின்பின் ஒவ்வொருவருக்கும் 50 ஏக்கர் நிலம் என்பது ஏற்பாடு.

இப்பத்திரத்தை நான் சற்று ஐயத்துடனேயே நோக்குகிறேன். வழக்கிலே ஒரு பக்கத்தார் எழுதியது அது. பிளேக்வேக்குத் தான் முன்னரே வாக்களிக்கப்பட்டவள், சாட்சிகொண்டு நிறுவ இயலாவிடினும் கடவுள் முன் அது திருமணமே என்று கதரின் கூறியதாகத் தெரிகிறது. அவள் குரலும் கணவனின் தாளிலிருந்தே நமக்குக் கேட்கிறது.

ஆகவே றிச்சட்டின் தந்தைவழியை ஆராய்ச்சியாளர் உறுதியாக வரைய இயலாது. தாய்வழிக்கோ ஐயமில்லை. அவ்வழியே சென்ற வாக்னர், பின்னர் அதனை ஸ்கொத்லாந்து அரசகுலம்வரை கொண்டுசென்றார். ஆதரவற்றோர் எனப்பட்ட சிறுவரின் கொடிவழி அது!

தன் மக்களைக் கேட்டு அத்தாய் நீதியரசர் முன் நின்றபோது, அவர்களுள் மூவர் முன்னரே மாண்டிருந்தனர்.