நிலவின் சூடும் சித்தம்பூண்டிக் கல்லும்

பாளையம்பட்டியில் சித்திரை வெயிலைக் குடித்த மொட்டைமாடி, பொழுது சாய்ந்ததும் சூட்டைக் கக்கும். கொஞ்சத்தைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சம், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வானத்துக்குப் போய்விடும். நிலவில் காற்று கிடையாது. கதிராக வீசுவது ஒன்றே வழி. அங்கே மனிதர் தங்கும் கூடம் கட்டினாலும், உலோகம் உருக்கும் உலை வைத்தாலும், கழிவுச் சூட்டை வெளியேற்றத் தகடுகள் வேண்டும்.

எவ்வளவு பெரிய தகடு? 27 டிகிரி செல்சியஸில் இருக்கும் நல்ல தகடு, சதுர மீட்டருக்குச் சுமார் 410 வாட் வீசும். 100 கிலோவாட்டைக் கழிக்க ஏறத்தாழ 240 சதுர மீட்டர், அதாவது ஆறு சென்ட் பரப்பு தேவை. தகட்டின் சூட்டை 127 டிகிரிக்கு ஏற்றினால் வீச்சு மூன்று மடங்காகும். இரண்டு சென்ட் போதும். அதுவும் வெயிலும் சுடுதரையின் அனலும் தகட்டின்மேல் படாமல் இருந்தால்தான்.

சூட்டை மண்ணுக்குள் இறக்கிவிட முடியாதா? 2023 ஆகஸ்ட் 23 அன்று தரையிறங்கிய சந்திரயான்-3 இதற்குப் பதில் தந்தது. விக்ரம் கலத்தின் சேஸ்ட் கருவி, பத்து உணரிகள் கொண்ட கம்பியை மண்ணில் இறக்கிப் பார்த்தது. வெயில் நோக்கிய சரிவில் மேல்மண் 82 டிகிரி வரை கொதித்தது. எட்டு சென்டிமீட்டர் ஆழத்திலோ உறைநிலைக்கும் பத்து டிகிரி கீழே! ஒரு சாண்கூட இல்லாத ஆழத்தில் இப்படியொரு வித்தியாசம் என்றால், அந்த மண் சூட்டைக் கடத்தவே மறுக்கிறது. உருக்கிப் பாறையாக இறுக்கினால் நூறு மடங்குக்கு மேல் கடத்தும். ஆனால் உருக்குவதற்கே ஏகப்பட்ட மின்சாரம் வேண்டும்.

அதே மண்தான் தகட்டுக்கு உலோகமும் தரும். நிலவின் மேட்டுநில மண்ணில் எடைக்குச் சுமார் 14 சதவீதம் அலுமினியம், ஆக்சிஜனோடு பிணைந்து கிடக்கிறது. மண்ணை உருக்கி மின்சாரம் பாய்ச்சினால் இரண்டும் பிரியும். குழாய்க்குள் ஓடவேண்டிய அம்மோனியா போன்ற திரவத்தை மட்டும் இங்கிருந்து கொண்டுபோக வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் பூமியிலேயே சோதித்துப் பார்ப்பதற்கான கல் நம்மிடமே உண்டு. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களின் அனார்த்தோசைட் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறைக்கு நெருங்கிய உறவு. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் துணையோடு அதை அரைத்துத்தான் இஸ்ரோ போலி நிலவு மண் தயாரித்தது. 2020இல் காப்புரிமையும் பெற்றது. இதுவரை அந்த மண், கலம் இறங்குவதையும் ஊர்தி உருளுவதையும் சோதிக்கும் களமாக இருந்தது. இனி அதிலிருந்து அலுமினியம் பிரித்து, தகடு அடித்து, வெற்றிடக் கூடத்தில் சுடவைத்துப் பார்க்கவேண்டும். தகட்டின்மேல் அதே மண்ணின் தூசியையும் தூவவேண்டும். ஏனென்றால், 1972இல் அப்பல்லோ வீரர்கள் ஓட்டிய நிலவு ஊர்தியில், பேட்டரியைக் குளிர்விக்கும் பரப்பில் தூசி படிந்து, துலக்கியும் சூடு தணியவில்லை.